எல் காரிடாரில் மூன்று வாரம்

நான் ஒரு மாளிகைக்குள் நடக்கும் ஜாம்பி வீடியோ விளையாட்டைச் செய்துகொண்டிருக்கிறேன். நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு அதில் என் ஆள் எல் வடிவக் காரிடாரின் முனையைத் தடுமாறாமல் தாண்டிவிட்டான். மூன்று வாரமாக அந்த ஒரு முனையிலேயே கிடந்தேன். சந்தோஷம் தாங்கவில்லை, அதனால் சூட்டோடு சூடாக எழுதிவிடுகிறேன்.

மாளிகையின் கீழ்த்தள அறைகள் எல்லாம் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் ரெண்டர் ஆகி, அதாவது அசையாத பின்னணிப் படங்களாகி, விளையாட்டை உருவாக்கும் கோடோ மென்பொருளுக்குள் வந்துவிட்டன. ஆள் தூணுக்குப் பின்னால் போக வேண்டிய இடத்தில் பாதித் தோள் வெளியே தெரிந்துகொண்டிருந்தது, அதுவும் தீர்ந்தது. எந்தப் பொருள் கேமராவிலிருந்து எவ்வளவு தூரம் என்ற ஆழத் தகவலை 8 பிட் பிஎன்ஜி படக் கோப்பில் சேமித்திருந்தேன். அதில் 256 படிகள்தான். 12 மீட்டர் அறைக்கு ஒரு படி கிட்டத்தட்ட 5 சென்டிமீட்டர், தோள் வெளியே வராமல் என்ன செய்யும்? படிகள் மிக நுணுக்கமான 32 பிட் இஎக்ஸ்ஆர் கோப்புக்கு மாற்றியதும் சரியானது. 1996-ல் ரெசிடென்ட் ஈவில் என்ற ஜாம்பி விளையாட்டைச் செய்தவர்களுக்கு இந்த வழியே கிடையாது, திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஆழத்தை வைத்துக்கொள்ளும் இசட் பஃபர் பிளேஸ்டேஷனில் இல்லை. பின்னணிப் படத்திலிருந்து தூணையும் மேஜையையும் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் ஆழம் கொடுத்து, ஆளுக்கு மேலே வரைந்தார்கள். ஒவ்வொரு அறைக்கும், ஒவ்வொரு கேமராவுக்கும். அந்தப் பொறுமையை நினைத்தால் கும்பிடத் தோன்றுகிறது.

இனி முனை விஷயம். காரிடாருக்கு இரண்டு கேமரா, இரண்டும் இடம் மாறாமல் நிற்பவை. முனையில் முதலாவது போய் இரண்டாவது வரும், அது எதிர்ப்பக்கம் நின்று பார்க்கிறது. கண்ட்ரோலரின் அனலாக் ஸ்டிக்கை மேலே தள்ளினால் ஆள் திரையில் மேல்நோக்கிப் போகும்படி வைத்திருந்தேன். கேமரா மாறியதும் மேல் என்பது வந்த வழியாகிவிடுகிறது. ஆள் திரும்பி நடக்கிறான், பழைய கேமரா வருகிறது, மறுபடி திரும்புகிறான். நொடிக்கு ஏழெட்டு முறை திரை வெட்டுகிறது, கண் வலிக்கிறது.

டேங்க் கண்ட்ரோல் எதற்காக வந்தது என்பது இதைப் பார்த்த பிறகுதான் எனக்கு முழுசாக விளங்கியது. மேல் அம்பு என்றால் ஆள் முகம் பார்க்கும் திசையில் முன்னே, இடமும் வலமும் திரும்புவதற்கு. கேமரா எங்கே தாவினாலும் பட்டனின் அர்த்தம் மாறாது. 1992-ல் அலோன் இன் தி டார்க் விளையாட்டு நிலையான கேமராக்களோடு வந்தபோதே இதுதான் வழி. 1996-ல் பிளேஸ்டேஷன் பேடில் அனலாக் ஸ்டிக்கே இல்லை, நாலு திசைப் பட்டன் கொண்ட டி-பேட்தான். அதை 'காலாவதியான கண்ட்ரோல்' என்று யாராவது எழுதினால் எனக்குக் கோபம் வருகிறது. நிலையான கேமராவுக்கு அதைவிடச் சுத்தமான தீர்வை இன்றுவரை நான் பார்க்கவில்லை.

இருந்தாலும் புதிதாக ஆட வருபவருக்கு ஸ்டிக்கும் வேண்டும். 2015-ல் வந்த ரெசிடென்ட் ஈவில் எச்டி பதிப்பில், ஸ்டிக்கை விடாமல் பிடித்திருக்கும்வரை ஆள் பழைய திசையிலேயே போவான். அதையேதான் செய்தேன்: கேமரா மாறினாலும் பழைய கேமராவின் திசையைப் பூட்டி வைப்பது, ஸ்டிக் நடுவுக்கு வந்ததும் பூட்டைத் திறப்பது. சொல்ல எளிது. ஓடும்போது கட்டைவிரலை வலத்திலிருந்து இடத்துக்கு வெடுக்கென்று தள்ளினால் ஸ்டிக் ஓரிரு ஃபிரேம் (திரையில் ஒரு படம் வரும் நேரம்) நடுவைக் கடக்கிறது. அந்த ஓரிரு ஃபிரேமில் பூட்டு திறந்து, ஆள் சுவரில் போய் முட்டுகிறான். பழைய திசையையும் புதியதையும் 0.3 நொடியில் மெல்லக் கலந்து பார்த்தேன், ஆள் வில்லாக வளைந்து அலமாரிக்குள் போனான். ஸ்டிக் 50 டிகிரிக்கு மேல் திரும்பினால் திறக்கலாம் என்று வைத்தேன், அது இன்னும் மோசம். கடைசியில் கைகொடுத்தது இதுதான்: ஸ்டிக் தொடர்ந்து 6 ஃபிரேம் நடுவிலேயே இருந்தால் மட்டும் பூட்டு திறக்கும். நொடிக்கு 60 ஃபிரேம் ஓட்டத்தில் அது 0.1 நொடி, கை உணர்வதில்லை. கூடவே, போகும்போது கேமரா மாறும் கோட்டையும் வரும்போது மாறும் கோட்டையும் 40 சென்டிமீட்டர் தள்ளி வைத்தேன். முனையிலேயே நின்று முன்னும் பின்னும் ஆடினாலும் இப்போது திரை அசைவதில்லை.

ஸ்டிக் வாங்குவதில் கவனம் வேண்டும். இதில் ஒரு வாரம் போனது என் கோட் தப்பு என்று நினைத்து. கடையில் வாங்கிய மலிவு கண்ட்ரோலரின் ஸ்டிக் விட்ட பிறகும் நடுவுக்கு வராமல் 0.23-ல் நின்றது, நடு என்று எடுத்துக்கொள்ள நான் வைத்திருந்த எல்லை 0.2. இந்த மாதிரி சோதனைக்கு ஸ்டிக் தரும் மதிப்பைத் திரையில் அச்சிட்டுப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் வந்தான். முதலில் டி-பேட் கொடுத்தேன். "மாமா, இவன் ஏன் லாரி மாதிரி திரும்புறான்?" என்றான். இருபது நிமிஷம் போனது. நூலக அறையில் ஜாம்பி நெருங்கியபோது பேச்சு நின்றுவிட்டது, இரண்டு தோளும் காதுவரை ஏறிவிட்டன. அடுத்து அதே அறையை ஸ்டிக்கில் ஆடினான். ஜாம்பியைச் சுற்றி வட்டமடித்துவிட்டு, "இதுல பயமே இல்லை மாமா" என்று கண்ட்ரோலரை நீட்டினான்.

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். டேங்க் முறையில் ஆள் நொடிக்கு 150 டிகிரி திரும்புகிறான், முழுசாகப் பின்னால் திரும்ப 1.2 நொடி. அதற்குள் ஜாம்பி நொடிக்கு 0.9 மீட்டர் வேகத்தில் ஒரு மீட்டருக்கு மேல் வந்துவிடும். ஸ்டிக்கில் அந்த 1.2 நொடியே இல்லை. என் விளையாட்டின் பயம் முழுக்க அதற்குள் இருந்திருக்கிறது.

இந்தக் கண்ணோடு பார்த்தால் பின்னால் வந்தவை எல்லாம் வேறு மாதிரி தெரிகின்றன. 2005-ல் ரெசிடென்ட் ஈவிலின் நான்காம் பாகம் கேமராவைத் தோளுக்குப் பின்னால் கொண்டுவந்தது, ஆனால் குறி வைத்தால் நகர முடியாது. 2019-ல் இரண்டாம் பாகத்தின் ரீமேக் நடந்துகொண்டே சுட விட்டது, ஆனால் நின்றால்தான் குறி குவியும், தலையில் பல குண்டு வாங்கியும் ஜாம்பி எழுந்து வரும். திரும்புவதில் இருந்த தாமதத்தை எடுத்து வேறெங்கோ வைத்திருக்கிறார்கள். நான் எடுத்துவிட்டு எங்கேயும் வைக்கவில்லை.

2024-ல் வந்த க்ரோ கன்ட்ரி என்ற திகில் விளையாட்டில் டி-பேடுக்கு டேங்க், ஸ்டிக்குக்குச் சுதந்திர நடை என்று இரண்டுமே உண்டு. நானும் அப்படியே வைக்கப்போகிறேன். ஸ்டிக்கைத் தொட்டால் மட்டும் ஜாம்பியின் கை எட்டும் தூரம் 70-லிருந்து 95 சென்டிமீட்டர் ஆகும், பக்கத்தில் ஓடினால் ஒரு எட்டு பாயும். காரிடாரின் அகலம் 1.8 மீட்டர். சுவரை ஒட்டி ஓடினால் இன்னும் தப்பிக்க முடிகிறது. படத்தை மறுபடி ரெண்டர் செய்யாமல் அங்கே ஒரு நாற்காலியைப் போட்டு அடைக்க முடியுமா என்று பார்க்க வேண்டும்.

இது முடியும் முன்பே மனசு கதவுக்குப் போய்விட்டது. 1989-ல் நின்டெண்டோவின் ஃபேமிகாம் கருவியில் வந்த ஸ்வீட் ஹோம் விளையாட்டிலேயே கதவு திறக்கும் காட்சி உண்டு, ரெசிடென்ட் ஈவிலில் அறை லோட் ஆகும் நேரத்தை அது மறைத்தது. என்னிடம் மறைக்க நேரமே இல்லை, கண் இமைக்கும் முன் லோட் ஆகிறது. ஆனாலும் கதவை வைப்பேன். ஊர் வீட்டுத் தேக்குக் கதவின் கீல் சத்தத்தைப் போனில் பதிந்து வந்திருக்கிறேன், நாலு நொடி. கடைசி நொடியில் பின்னால் ஒரு கோழி கூவுகிறது, அதை இன்றைக்கு வெட்ட வேண்டும்.