இஷாப்பூர் 2ஏ1: சுடுவதற்கு முன் அளந்து பார்த்தது

அமெரிக்காவில் ராணுவங்கள் கழித்துக்கட்டிய, கையால் போல்ட்டை (தோட்டாவின் பின்னால் அடைத்துப் பூட்டும் உருளை) இழுத்துத் தள்ளிச் சுடும் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள்களைச் சேர்ப்பவர்கள் தனிக் கூட்டம். ரஷ்ய மோசின்-நாகான், துருக்கி மவுசர், இத்தாலிய கார்கானோ என்று ஒரு காலத்தில் பெட்டி பெட்டியாக வந்து இறங்கி, நூறு டாலர் சுமாருக்கு விற்றன. அந்த வரிசையில் இந்தியச் சரக்கும் உண்டு. மேற்கு வங்காளத்து இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலையில் செய்த 2ஏ1. டெக்சாஸுக்கு வந்து குடியேறிய நாளிலிருந்து அதில் ஒன்று வேண்டும் என்று எனக்கு ஆசை. ஊரில் இருந்தவரை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. இது சுடும் 7.62 எம்.எம். ராணுவத் தோட்டா அங்கே சாதாரண ஆளுக்கு உரிமம் கிடைக்காத ரகம். (இங்கேயும் வேலை விசாவில் இருப்பவர்கள் அவசரப்பட வேண்டாம். வேட்டை உரிமம் போன்ற ஒரு விலக்கு இல்லாமல் துப்பாக்கி வாங்குவதும் வைத்திருப்பதும் மத்தியச் சட்டப்படி குற்றம்.)

கைக்கு வந்த துப்பாக்கியில் பட் சாக்கெட்டின் (பின்கட்டை வந்து சொருகும் இரும்பு) வலப்பக்கம் அசோகச் சிங்கம், அதன் கீழே தொழிற்சாலையின் சுருக்கமான ஆர்.எஃப்.ஐ., பிறகு 'ரைஃபிள் 7.62 எம்.எம். 2ஏ1', கடைசியில் 1967. பேரலில் இறக்குமதியாளர் முத்திரை, பொடி எழுத்தில். மரத்தின் குறுக்கே ஒரு திருகு ஓடுகிறது. மரம் பிளக்காமல் இருக்க இஷாப்பூர்க்காரர்கள் போடும் வலுவூட்டல் அது. யாரோ பின்னால் செய்த ஒட்டுவேலை என்று நினைத்து இதைக் கழற்றிவிடுகிறவர்கள் உண்டு. கழற்றக் கூடாது.

இந்தத் துப்பாக்கியைப் பற்றி ஒரு பொய் பல வருஷமாகச் சுற்றுகிறது. பழைய பிரிட்டிஷ் 303 ரைஃபிளைக் குடைந்து 7.62 ஆக்கியது, அதனால் வெடித்துவிடும் என்பார்கள். 1962 சீனப் போரை ஒட்டி, புது நேட்டோ தோட்டாவுக்காகவே புதிதாகச் செய்த துப்பாக்கி இது. வடிவம் முதல் உலகப் போர் காலத்துப் பிரிட்டிஷ் ராணுவ ரைஃபிளான லீ-என்ஃபீல்டுதான். ஆனால் 303-க்கு அமெரிக்க வணிகத் தரம் வைத்திருக்கும் உச்ச அழுத்தம் 49,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு), புதுத் தோட்டாவுக்கு அதைவிட நன்றாகவே கூடுதல் என்பதால், இரும்பையும் அதைப் பதப்படுத்தும் விதத்தையும் மாற்றினார்கள். 2ஏ முதலில் வந்தது. பின் சைட்டின் (குறிபார்க்கும் தகடு) தூர அளவை 2,000-லிருந்து 800 மீட்டராகக் குறைத்து 1965-இல் வந்தது 2ஏ1.

ஆகவே எனக்கு டிசைனைப் பற்றிப் பயம் இல்லை. நான் பயந்தது, அறுபது வருஷத்தில் இது எத்தனை கை மாறியது, எந்தக் குவியலில் எதன் உறுப்பு எதில் ஏறியது என்பதைப் பற்றி.

முதல் வேலை கிரீஸ். வருஷக்கணக்கில் கிடங்கில் கிடக்க வேண்டி மொத்தமும் முக்கி எடுத்திருந்தார்கள். மினரல் ஸ்பிரிட், பல் துலக்கும் பிரஷ், பழைய பனியன் துணி. வெளிப்பக்கம் சீக்கிரம் முடிந்துவிடும், எல்லோரும் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். சேம்பருக்குள் (தோட்டா உட்காரும் அறை) கெட்டியாக அப்பியிருப்பதுதான் ஆபத்து. தோட்டா வெடிக்கும்போது அதன் பித்தளை உறை விரிந்து சேம்பர் சுவரைப் பிடித்துக்கொள்கிறது. பின்னோக்கி வரும் தள்ளலில் ஒரு பங்கை அந்தப் பிடி வாங்கிக்கொள்ளும். சுவரில் எண்ணெய்ப் பசை இருந்தால் பிடி இல்லை, தள்ளல் முழுக்கப் போல்ட்டின் தலையில் விழும். லீ-என்ஃபீல்டில் பூட்டும் காதுகள் (வெளியே நீட்டிய துண்டுகள்) போல்ட்டின் பின்பகுதியில் இருப்பதால் இது இன்னும் முக்கியம். பிரிட்டிஷ் ஆயுதசாலைகள் சோதனைக்கென்றே ஒரு தோட்டாவைக் காய்ந்தபடியும் ஒன்றை எண்ணெய் தடவியும் சுட்டுப் பார்த்தன. பெரிய பிரஷ்ஷை ட்ரில்லில் மாட்டிச் சேம்பரைத் துடைத்தேன். வெள்ளைத் துணி வெள்ளையாகவே திரும்பும்வரை விடவில்லை.

கிரீஸ் போனதும் கறுப்புப் பெயின்ட் தெரிந்தது. இந்தியத் துப்பாக்கிகளில் வழக்கமாக இருப்பது. அழகு கிடையாது. ஆனால் அடியில் துரு இல்லை.

பிறகுதான் விஷயம். ரிசீவரில் (போல்ட் ஓடும் இரும்பு உடல்) ஒரு எண், போல்ட் கைப்பிடியின் பின்புறம் வேறொரு எண். அடித்துத் திருத்திப் புது எண் குத்தியிருந்தால் பட்டறையில் பார்த்துப் பொருத்தினார்கள் என்று ஓரளவு நம்பலாம். இதில் அந்தத் திருத்தமே இல்லை. எங்கோ கிடந்த போல்ட்டை எடுத்து மாட்டியிருக்கிறார்கள்.

இதை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்றால், லீ-என்ஃபீல்டில் போல்ட் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனித்தனியாகப் பொருத்தப்படுவது. வலப்பக்கம் நீளமான விலா, இடப்பக்கம் குட்டையான காது. இரண்டும் ரிசீவரில் ஒரே சமயத்தில் சமமாக உட்கார வேண்டும். ஒன்று மட்டும் உட்கார்ந்தால் சுமை முழுவதும் அதன் மேல்.

நகரத்துக்கு வெளியே இருக்கும் ஒரு துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். வயதானவர், பேச்சு குறைவு. காதுகளில் நீல மையைத் தடவி, போல்ட்டை ஏற்றி மூடித் திறந்து காட்டினார். வலப்பக்கம் மை தேய்ந்து இரும்பு பளிச்சென்று தெரிந்தது. இடப்பக்கம் மை அப்படியே இருந்தது.

அடுத்து ஹெட்ஸ்பேஸ். அதாவது சேம்பரில் தோட்டா முட்டி நிற்கும் இடத்திலிருந்து போல்ட் முகம்வரை உள்ள நீளம். 303 தோட்டா விளிம்பில் நிற்கும், 7.62 தோளில் நிற்கும். ஆகவே கையில் 303 கேஜ் (சேம்பரில் போட்டு அளக்கும் இரும்புக் கட்டை) இருக்கிறதே என்று எடுத்துக்கொண்டு வருவதில் பிரயோஜனம் இல்லை. 308 (7.62-இன் வணிக வடிவம்) கேஜ்கள் மூன்று: கோ 1.630 அங்குலம் (மூட வேண்டும்), நோ-கோ 1.634 (மூடக் கூடாது), ஃபீல்ட் 1.638 (கடைசி வரம்பு). என்னுடையதில் போல்ட் கோ மேலும் மூடியது, நோ-கோ மேலும் மூடியது, ஃபீல்டில் மட்டும் நின்றது. ராணுவச் சேம்பர்கள் கொஞ்சம் நீளமாகத்தான் வெட்டப்படும் என்பதால், 'இது போதும், சுடுங்கள்' என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பெரியவர் சொல்லவில்லை. எனக்கும் மனசு ஒப்பவில்லை.

சரிசெய்யும் வரிசையை அவரிடம்தான் கற்றுக்கொண்டேன். முதலில் காதுகள், பிறகுதான் ஹெட்ஸ்பேஸ். வலப்பக்க விலாவை எண்ணெய்க் கல்லில் மிக லேசாகத் தேய்த்து, மை பூசி, மறுபடி தேய்த்து, இரண்டு பக்கமும் மை தேயும்வரை கொண்டுவந்தார். இப்படித் தேய்த்தால் ஹெட்ஸ்பேஸ் இன்னும் கொஞ்சம் கூடும். அதனால் அதைப் பின்னால் வைத்துக்கொள்ள வேண்டும். இதை வீட்டில் அரத்தால் முயன்று பார்க்காதீர்கள். இரும்பின் கடினமான தோல் மெல்லியது, அது போனால் போல்ட்டே போச்சு.

அதன் பிறகு போல்ட் ஹெட், அதாவது போல்ட்டின் முன்தலை. லீ-என்ஃபீல்டில் அது தனியாகத் திருகிக் கழற்றக்கூடியது. இரண்டாம் உலகப் போர் காலத்து நம்பர் 4 ரகத்துக்கு 0 முதல் 3 வரை எண் போட்டு வந்தன, நீளம் தெரிந்து எடுக்கலாம். 2ஏ1-க்கு அந்த வசதி இல்லை. அவர் ஒரு டிராயரைத் திறந்து, மைக்ரோமீட்டரில் ஒவ்வொன்றாக அளந்து, நீளமானதாக ஒன்றைப் பொறுக்கினார். மாட்டியதும் கோவில் மூடியது, நோ-கோவில் நின்றது. கூலி எனக்கு உறுத்தவில்லை. ஆனால் மலிவு என்று வாங்கியவர்கள் இந்தச் செலவையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

சேஃப்டியில் இன்னொரு கோளாறு இருந்தது. அது இரண்டு துண்டு, நடுவில் பலதொடக்க மரை (பல புரிகள் சேர்ந்து ஓடுவது). யாராவது கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டால் நெம்புகோல் திரும்பும், 'ஆன்' என்று காட்டும், உள்ளே பூட்டு முழுசாக விழாது. சோதனை எளிது. துப்பாக்கி காலி என்று இரண்டு முறை உறுதி செய்துகொண்டு, முனையைப் பத்திரமான திசையில் வைத்து, சேஃப்டி போட்டு ட்ரிகரை இழுத்து விடுங்கள். பிறகு சேஃப்டியை எடுக்கும்போது பின்னால் இருக்கும் காக்கிங் பீஸ் (சுடும் ஊசியோடு சேர்ந்து நகரும் துண்டு) அசையக் கூடாது. என்னுடையதில் டக்கென்று விழுந்தது. உள்ளே தோட்டா இருந்திருந்தால் அது ஒரு வெடி. கழற்றி, மரையை ஒரு பல் நகர்த்தி மாட்டியதும் சரியானது.

இனி எல்லோரும் சண்டை போடும் விஷயம்: 308 வின்செஸ்டர் போடலாமா? நேட்டோ 50,000, 308-க்கு 62,000, ஆகவே போட்டால் வெடிக்கும் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். 50,000 என்பது செப்பு உருளையை நசுக்கி அளக்கும் பழைய முறை, 62,000 என்பது மின்னணு உணரியில் வந்த பிஎஸ்ஐ. இரண்டு அளவுகோலை ஒன்றோடொன்று கழித்துப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை. உண்மையான வித்தியாசம் வேறு இடத்தில். ராணுவப் பித்தளை கனமானது, கடைப் பித்தளை பெரும்பாலும் மெல்லிசு. நீளமான சேம்பரில் மெல்லிசு பித்தளை இழுபட்டு, அடிப்பக்கத்துக்கு மேலே வெடிப்பு விடும். அங்கே அறுந்தால் வெடித்த சூட்டு வாயு முகத்தை நோக்கி வரும். கண்ணைக் காக்கும் கண்ணாடி இல்லாமல் இந்தத் துப்பாக்கிக்குப் பின்னால் நான் நிற்க மாட்டேன்.

டயரில் கட்டிக் கயிற்றால் இழுத்து முதல் குண்டைச் சுடும் வழக்கத்தில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. கையைக் காப்பாற்றும், சரி. ஆனால் ஒரு குண்டுக்குத் துப்பாக்கி சிதறாமல் போனதிலிருந்து பித்தளை இழுபடுகிறதா என்று தெரியாது. அதனால் கயிறு கட்டிச் சுட்டுவிட்டு, காலிக் கேஸை (பித்தளை உறையை) எடுத்துப் பார்த்தேன். அடியிலிருந்து கொஞ்சம் மேலே பளபளவென்று ஒரு வளையம் தெரிகிறதா என்று முதலில் கண்ணால். பிறகு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியைக் கொக்கியாக வளைத்து, உள்ளே விட்டுச் சுவரோடு இழுக்க வேண்டும். பள்ளம் இருந்தால் நுனி அதில் விழுவது விரலில் தெரியும். என் கேஸ்களில் நுனி வழுக்கிக்கொண்டே வந்தது.

அதற்குப் பிறகுதான் தோளில் வைத்தேன். 100 கஜத்தில் குண்டுகள் ஒரு உள்ளங்கைக்குள் விழுகின்றன, கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி. முன் சைட்டைத் தட்டி நகர்த்த வேண்டும். மேகசின் (தோட்டாப் பெட்டி) உதடு ஒன்று வளைந்திருக்கிறது, கடைசித் தோட்டா சில சமயம் மூக்கைக் குத்திக்கொண்டு நிற்கிறது. வேறு மேகசின் தேடிக்கொண்டிருக்கிறேன். இப்போதைக்கு மிதமான சார்ஜில் (வெடிமருந்து அளவில்) நானே நிரப்பிய தோட்டாக்கள்தான். ஒவ்வொரு கேஸையும் கிளிப் விட்டுப் பார்த்துத்தான் மறுபடி நிரப்புகிறேன், கொக்கி லேசாகத் தட்டினாலும் அது குப்பைக்கு.