விறைப்பு குறைஞ்சா நெஞ்சையும் பாருங்க

நாற்பது வயசுக்கு மேல விறைப்புத்தன்மை மெல்ல மெல்லக் குறையுதுன்னா, லாட்ஜ் வைத்தியரையும் லேகியத்தையும் தேடிப் போறதுக்கு முன்னாடி ரத்தக்குழாயை நினைங்க. ஆணுறுப்புக்குள்ள போற தமனி 1–2 மில்லிமீட்டர்தான். இதயத் தமனி 3–4 மில்லிமீட்டர். கொழுப்பு ரெண்டு இடத்துலயும்தான் படியும், ஆனா சின்னக் குழாய் முதல்ல திணறும். அதனால பல பேருக்கு நெஞ்சுவலி வர 2 முதல் 5 வருஷம் முன்னாடியே இங்க தெரிஞ்சிடுது. சர்க்கரை, பிரஷர், சிகரெட் மூணும் குழாயோட உட்சுவரைக் கெடுத்து நைட்ரிக் ஆக்சைடு சுரக்கிறதைக் குறைச்சிடும். அது இல்லாம குழாய் விரியாது.

தூங்கி எழும்போது விறைப்பு வழக்கம்போல இருந்தா, மனஅழுத்தம் காரணமா இருக்கலாம். அப்பவும் விறைப்பு இல்லைன்னா பிரஷர், வெறும் வயித்துச் சர்க்கரை, எச்பிஏ1சி (மூணு மாசச் சர்க்கரை சராசரி), கொலஸ்ட்ரால், காலை நேர டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்), இசிஜி பாருங்க. படியேறினா மூச்சு வாங்குதுன்னா டிரெட்மில் டெஸ்ட் வேணுமான்னு கேளுங்க. சில பிரஷர் மாத்திரையாலயும் இது வரும். ஆனா நீங்களா நிறுத்திடாதீங்க.

டாக்டர் சீட்டு இல்லாம மெடிக்கல் ஷாப்புல சில்டெனாஃபில்ங்கிற விறைப்பு மாத்திரையை வாங்கிப் போடுறது ரொம்ப ஆபத்து. நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில வைக்கிற சார்பிட்ரேட்ங்கிற நைட்ரேட் மருந்தோட அது சேர்ந்தா ரத்த அழுத்தம் சட்டுனு விழும், உயிரே போகலாம். சில்டெனாஃபில் போட்டு 24 மணி நேரம், அதே வகை மாத்திரையான டடலாஃபில்னா 48 மணி நேரம் நைட்ரேட் மருந்து கூடவே கூடாது. நெஞ்சுவலின்னு அவசரப் பிரிவுக்குப் போனா, பக்கத்துல யார் நின்னாலும் கூச்சப்படாம, எப்போ போட்டீங்கன்னு டாக்டர்கிட்ட முதல்ல சொல்லிடுங்க.