ஏழு, ஒன்பது, பத்து!

ஜப்பானில் புத்தாண்டு சமயத்தில் சூப்பர் மார்க்கெட்டுக்கு முள்ளங்கி வாங்கப் போனாலும் கூடவே கோத்தோ என்ற தந்தி வாத்தியத்தின் இசை ஓடிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் மியாகி மிச்சியோ 1929-இல் இயற்றிய ‘ஹரு நோ உமி’தான். மூங்கில் குழல் ஒன்றும் சேர்ந்து இழையும். எவ்வளவு கடுப்பில் இருந்தாலும் அதைக் கேட்டால் மனசு இறங்கிவிடும். அந்த நம்பிக்கையில்தான், ஆபீஸ் தலைவலி உச்சத்தில் இருந்த ஒரு காலத்தில், டோக்கியோவை அடுத்த சைத்தாமாவில் எங்கள் பேட்டை பொதுமண்டபத்தில் சனிக்கிழமை மாலைகளில் கூடும் கோத்தோ குழுவில் போய்ச் சேர்ந்தேன். அங்கே பாதிப் பேர் எழுபதைத் தாண்டியவர்கள். பச்சைத் தேநீர், கடிக்க அரிசி பிஸ்கட், மெல்லிய இசை. இதைவிட நிம்மதி எங்கே கிடைக்கும்?

கோத்தோவைக் கிட்டத்தில் பார்க்காதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். கிட்டத்தட்ட 180 சென்டிமீட்டர் நீளம். கிரி என்ற லேசான மரத்தைக் குடைந்து செய்த உடம்பு, அதன்மேல் 13 தந்திகள். நம் வீணைக்கு உள்ளது போலக் குதிரை உண்டு, ஆனால் இங்கே தந்திக்கு ஒரு குதிரை. எதையும் ஒட்டியிருக்க மாட்டார்கள், தந்தியின் இறுக்கத்தில்தான் அது நிற்கிறது. குதிரையை இடப்பக்கம் தள்ளினால் சுருதி இறங்கும், வலப்பக்கம் தள்ளினால் ஏறும். வலது கையில் மூன்று விரல்களுக்கு நகம் மாட்டிக்கொண்டு மீட்ட வேண்டும். அந்த நகத்தின் தோல் வளையம் நழுவாமல் இருக்க விரலை நக்கி ஈரமாக்கிக்கொள்வது வழக்கம். பட்டுக் கிமோனோ உடுத்திய பெரிய மனுஷிகள் மேடை ஏறும் முன் வரிசையாக உட்கார்ந்து விரலை நக்கும் காட்சியை எந்தச் சுற்றுலா விளம்பரத்திலும் காட்ட மாட்டார்கள்.

ஹிராஜோஷி என்பதுதான் அடிப்படைச் சுருதி அமைப்பு. சிவரஞ்சனியின் தைவதத்தை மட்டும் அரைச் சுரம் கீழே இறக்கினால் அதுதான். கொஞ்சம் கூடுதல் சோகம். முதல் சில வாரங்கள் அந்தச் சோகத்தில் சுகமாகப் போயின.

அப்புறம் இலையுதிர் கால கலாச்சார விழா வந்தது. என்ன பாட்டு வாசிக்கலாம் என்று சென்செய், அதாவது எங்கள் ஆசிரியர், கேட்டார். ‘சகுரா’ என்று யாராவது சொல்வார்கள், வீட்டுக்குப் போகலாம் என்று பையை எடுத்து வைத்துக்கொண்டேன். முன் வரிசையில் 72 வயது அம்மா ஒருவர் உண்டு. நான் கூன் போட்டு உட்கார்ந்தால் விசிறியால் முதுகில் தட்டுபவர். அவர் கையைத் தூக்கி, “டீப் பர்ப்பிள்” என்றார். கிமோனோ நிறத்தைச் சொல்கிறார் போல என்றுதான் நினைத்தேன்.

அவர் சொன்னது அந்தப் பெயருள்ள இங்கிலாந்து ராக் இசைக்குழுவைத்தான். 1972 ஆகஸ்ட் 17, டோக்கியோ புடோகான் அரங்கம். பத்தொன்பது வயதில், வீட்டில் ‘கோத்தோ வகுப்பு’ என்று பொய் சொல்லிவிட்டு அங்கே போயிருக்கிறார்.

“அந்தக் கச்சேரியைத்தான் ‘மேட் இன் ஜப்பான்’ என்று இசைத்தட்டாகப் போட்டார்கள். ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’ பாட்டில் கேட்கிற கைதட்டலில் என்னுடையதும் இருக்கிறது” என்றார்.

அதுவரை மூலையில் தன் ஷாகுஹாச்சிக் குழலைத் துடைத்துக்கொண்டிருந்த ரிட்டயர்ட் பெரியவர் தலை நிமிராமலே சொன்னார்: “மன்னிக்கவும். அந்தப் பாட்டு மட்டும் 15-ஆம் தேதி ஒசாகாவில் பதிவானது. டோக்கியோ கைதட்டல் அதில் வராது.”

தகவல் சரிதான், நானும் வீட்டுக்குப் போய்த் தேடிப் பார்த்தேன். ஐம்பது வருஷமாகக் காத்து வந்த கைதட்டலை இப்படிப் பிடுங்கியிருக்க வேண்டாம். அன்றைக்கு அவருக்கு அரிசி பிஸ்கட் கிடைக்கவில்லை.

பாட்டு அதுதான் என்று முடிவாகிவிட்டது. இந்தக் காலத்துப் பையன் நான் ஒருத்தன்தான், ராக் பற்றி நாலு விஷயம் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். ஆபீஸ் நண்பர்கள் வழியாகத் தெரிந்த வகக்கி பேண்ட் பற்றிச் சொன்னேன். கோத்தோ, ஷாமிசென், ஷாகுஹாச்சி, பெரிய மேளம் எல்லாவற்றையும் கிட்டார், டிரம்ஸோடு சேர்த்து வாசித்து, 2014-இல் முதல் ஆல்பம் போட்டவர்கள். சென்செய் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அவர்களிடம் டிரம்ஸ் இருக்கிறதே. அது இருந்தால் யாரும் வாசிக்கலாம்” என்றார். நான் நகத்தை மாட்டிக்கொண்டேன்.

அடுத்த அரை மணி நேரத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அந்தப் பாட்டின் தொடக்கத்தில் வரும் கிட்டார் துணுக்கு, உலகத்தில் கிட்டார் வாங்கிய பிள்ளைகள் எல்லாம் கடையிலேயே வாசித்துப் பார்ப்பது, ஜி, பி ஃபிளாட், சி, டி ஃபிளாட் என்ற நான்கே சுரங்களில் ஓடுகிறது. ஹிராஜோஷியில் 7-ஆம் தந்தி ஜி, 9-ஆவது பி ஃபிளாட். சி கிடையாது, டி ஃபிளாட்டும் கிடையாது. சென்செய் இரண்டு விநாடி தந்திகளைப் பார்த்தார். 10-ஆம் குதிரையையும் 11-ஆம் குதிரையையும் ஆளுக்கு ஒரு சுரம் இறங்குகிற அளவுக்கு இடப்பக்கம் தள்ளினார். அவ்வளவுதான், டி இருந்த இடத்தில் சி, ஈ ஃபிளாட் இருந்த இடத்தில் டி ஃபிளாட்.

கோத்தோவில் எழுதி வைப்பதும் தந்தி எண்களைத்தான். பத்துக்கு மேலே மட்டும் தனிப் பெயர், 11-க்கு ‘தோ’. கரும்பலகையில் மேலிருந்து கீழாக எழுதினார்: 7, 9, 10. 7, 9, தோ, 10. 7, 9, 10, 9, 7. எல்லாம் சீன எழுத்தில். தள்ளி நின்று பார்த்தால் ஏதோ கோவில் கல்வெட்டு. அதை ஒன்பது பேர் சேர்ந்து வாசித்தபோது பொதுமண்டபத்துக் காவலாளி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

கிட்டாரில் இரண்டிரண்டு சுரமாக வரும் கனம் நமக்கு வராது என்றேன். அதற்குத்தான் ஜூஷிச்சிகென் இருக்கிறது என்று அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு ராட்சதனை இழுத்து வந்தார்கள். அடித்தொனிக்காக மியாகி மிச்சியோ 1921-இலேயே செய்து வைத்த 17 தந்தி கோத்தோ. அது ‘தும்’ என்றால் தேநீர்க் கோப்பை நடுங்குகிறது. கிட்டார்காரர்கள் தந்தியின் நீளத்துக்கு ‘க்ரீச்’ என்று இழுப்பார்களே, அதைத் தயங்கித் தயங்கிக் கேட்டேன். 72 வயது அம்மா நகத்தின் ஓரத்தால் ஒரு இழுப்பு இழுத்தார். சுரிஸுமே என்று பெயராம், தாத்தா காலத்துச் சரக்கு. பாடுவது ஷாகுஹாச்சிப் பெரியவர் பொறுப்பு. முராஇகி என்று மூச்சை வெடிப்பாகத் திணித்து ஊதும் ஒரு முறை இருக்கிறது. அதில் அவர் ஊதினால் தொண்டை கிழியக் கத்துவது போலவே இருந்தது. பிஸ்கட் மறுபடி கொடுக்கத் தொடங்கினார்கள்.

சிக்கல் வேகத்தில்தான் வந்தது. இவர்கள் எல்லாரும் பல வருஷமாக ‘ரோகுதான்’ வாசித்து ஊறியவர்கள். 17-ஆம் நூற்றாண்டு யாத்சுஹாஷி கென்க்யோவின் பெயரில் வழங்கும் உருப்படி அது. ஆறு பகுதி, மெதுவாகத் தொடங்கும், போகப் போக வேகம் பிடிக்கும், கடைசியில்தான் அடங்கும். அந்தப் பழக்கம் ரத்தத்தில் ஏறிவிட்டது. முதல் சரணம் ஒழுங்காக நடந்தது, இரண்டாவதில் ஓடியது, மூன்றாவதில் பறந்தது. மூச்சுப் பிடித்த பெரியவர் முகம் பாட்டை எழுதியவர்களின் குழுப் பெயருக்கே வந்துவிட்டது. நான் போனில் மெட்ரோனோம் வைத்தேன். யாரும் அதைச் சட்டை செய்யவில்லை. “அது நம்மைப் பின்தொடர முடியாமல் தவிக்கிறது, பாவம்” என்றார் அந்த அம்மா.

விழா நாள். மண்டபம் நிறைந்திருந்தது. நடுநிலைப் பள்ளியில் ஏதாவது ஒரு ஜப்பானிய வாத்தியத்தைத் தொட்டே ஆக வேண்டும் என்று 2002-இலிருந்து பாடத்திட்டம். அதனால் பிள்ளைகளுக்குக் கோத்தோ தெரிந்திருந்தது, பாட்டு தெரியவில்லை. அப்பாக்களுக்கும் தாத்தாக்களுக்கும் பாட்டு தெரிந்திருந்தது, இது ஏன் கோத்தோவில் வருகிறது என்று தெரியவில்லை. 7, 9, 10 என்று தொடங்கியதும் பின் வரிசையில் ஒரு வழுக்கைத் தலை எழுந்து நின்றது.

மூன்றாவது சரணம், வேகம் கையை விட்டுப் போயிருந்த நேரம், ‘படக்’ என்று சத்தம். என் 10-ஆம் குதிரை துள்ளி விழுந்தது. ராக்குக்கு உயிரே அந்த ‘சி’தான். இப்போது 10-ஆம் தந்தி தொளதொளவென்று கிடக்கிறது. குனிந்து குதிரையைத் தேட நேரமில்லை. பக்கத்திலிருந்த அம்மா கையை நிறுத்தாமல், உதடு அசையாமல் சீறினார்: “ஒன்பதை அமுக்குங்கள்!”

ஒன்பது பி ஃபிளாட். குதிரைக்கு இடப்பக்கம் தந்தியை ஒரு முழுச் சுரம் ஏறும்வரை அமுக்கினால் சி. கணக்கு புரிந்தது, ஆனால் இறுகிக் கிடக்கும் அந்தத் தந்தி லேசில் இறங்காது. இடது கையோடு தோளையும் சேர்த்து அதன்மேல் ஏறினேன். சுரம் உடனே ‘சி’க்குப் போகவில்லை. பாதி வழியில் முனகி, நெளிந்து, கெஞ்சி, கடைசியில் ‘ஞொய்ங்’ என்று போய்ச் சேர்ந்தது. அசல் எலெக்ட்ரிக் கிட்டார்! கூட்டம் ஆர்ப்பரித்தது. வழுக்கைத் தலை இரண்டு கையையும் தூக்கிவிட்டது. சி வரும் இடமெல்லாம் நான் அப்படியே அமுக்கி நெளிக்க, அவர்கள் அப்படியே கத்த, பாட்டு முடிந்தபோது என் இடது கை விரல் மூன்றில் தந்தி பள்ளம் போட்டிருந்தது.

எல்லாரும் எழுந்து வணங்கினார்கள். நான் வணங்கினேன், எழவில்லை. முட்டி போட்டு உட்கார்ந்ததில் இரண்டு காலும் எனக்குச் சொந்தமில்லாமல் போயிருந்தன. பணிவான இந்தியர் என்று பேசிக்கொண்டார்களாம்.

அடுத்த சனிக்கிழமை சென்செய் பலகையில் திருத்திய குறிப்பு எழுதியிருந்தார். 10 வரும் இடத்திலெல்லாம் 9, பக்கத்தில் அமுக்கும் குறி, எல்லாருக்கும். அதைப் பார்த்ததும் குழுவே விரலை உருவிவிட்டுக்கொண்டது. அடுத்த வருஷத்துக்கு இன்னும் வேகமான பாட்டு வேண்டும் என்று 72 வயது அம்மா பட்டியலோடு வந்திருந்தார். 17 தந்தி ராட்சதனை இனி நான் வாசிப்பதாக ஒருமனதாகத் தீர்மானம். நல்ல தாளக்கட்டு இருப்பதால் என்று சென்செய் சொன்னார். அலமாரிக்குப் பின்னாலிருந்து அதைத் தூக்கி வர வேறு யாருக்கும் இடுப்பு இல்லை என்று ஷாகுஹாச்சிப் பெரியவர் திருத்தினார்.