ஒரே ஃபயர்ஃபாக்ஸ் ப்ரொஃபைல், ரெண்டு ஓஎஸ்: என் நாட்குறிப்பு

மே 30, 2024, வியாழன்

இன்னைக்கும் அதே கதை. மத்தியானம் விண்டோஸ்ல ஒரு கடையோட கணக்கு பாத்துட்டு இருக்கும்போது நடுவுல பத்து நிமிஷம் கிடைச்சுது, ஊர்ச்சபை விதிகளச் சொல்ற, பாண்டியர் காலத்து மானூர் கல்வெட்டு பத்தி நல்ல கட்டுரை ஒண்ணு கண்ணுல பட்டுது, புக்மார்க் போட்டு "மானூர்", "பாண்டியர்", "சபை"னு மூணு டேக்கும் போட்டு வெச்சேன். ராத்திரி லினக்ஸ்ல உக்காந்து எழுதலாம்னு தேடுனா அது இல்ல, ஏன்னா அது அந்தப் பக்கத்து ஃபயர்ஃபாக்ஸ்ல இருக்கு. ஒரு லிங்குக்காக ரீஸ்டார்ட் பண்ணி, விண்டோஸ் போயி, எனக்கே மெயில் அனுப்பிட்டு திரும்பி வந்தேன். அதுக்குள்ள எழுதணும்ங்கிற எண்ணமே போயிடுச்சு.

புதுசா படிக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. என்கிட்ட இருக்கிறது ஒரே லேப்டாப், அதுல விண்டோஸ், லினக்ஸ்னு ரெண்டு ஓஎஸ் (ஆபரேட்டிங் சிஸ்டம்), ஒரு நேரத்துல ஒண்ணுதான் ஓடும். கணக்கு சாஃப்ட்வேர், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் எல்லாம் விண்டோஸ்ல, மத்த எல்லா வேலையும் லினக்ஸ் மின்ட்ல. 2011லேர்ந்து சேர்த்த புக்மார்க் மூவாயிரத்துக்கு மேல இருக்கு, பாதிக்கு மேல கல்வெட்டு சம்பந்தப்பட்டது, ஒவ்வொண்ணுக்கும் ஊர் பேரு ராஜா பேரு டேக் போட்டிருக்கேன். க்ரோம்ல புக்மார்க்குக்கு டேக் கிடையாது, அதனாலதான் ஃபயர்ஃபாக்ஸ விட்டு நான் நகரவே இல்ல. இது எனக்கு வெறும் லிங்க் லிஸ்ட் இல்ல, பதிமூணு வருஷ உழைப்பு. அது ரெண்டா பிரிஞ்சு கெடக்குறத இனிமே பாத்துட்டு இருக்க முடியாது. புக்மார்க், ஹிஸ்டரி, பாஸ்வேர்டு எல்லாத்தையும் ஃபயர்ஃபாக்ஸ் சேர்த்து வைக்கிற ப்ரொஃபைல் ஃபோல்டர் ஒண்ணே ஒண்ணு வெச்சு ரெண்டு பக்கமும் அதையே திறக்க வைக்கப் போறேன், நடக்குறத இங்க எழுதுறேன்.

ஜூன் 1, சனி

முடிச்சிட்டேன்! முதல்ல டி டிரைவ்னு ஒரு தனி பார்ட்டிஷன், அதாவது டிஸ்க்ல தனியா பிரிச்ச ஒரு பகுதி. அதுக்கு விண்டோஸோட என்டிஎஃப்எஸ் ஃபார்மேட்தான் போட்டேன், ஏன்னா விண்டோஸால லினக்ஸோட எக்ஸ்ட்4 நேரா படிக்க முடியாது, எக்ஸ்ஃபேட் ரெண்டு பக்கமும் ஓடும்னாலும் அதுல ஜர்னல் (செய்யப்போற மாத்தத்த முன்னாடியே குறிச்சு வெச்சுக்கிற பதிவு) இல்ல, திடீர்னு பவர் போனா ஃபைல் கெட்டுப்போக வாய்ப்பு அதிகம். என்டிஎஃப்எஸ்ல ஜர்னல் இருக்கு, லினக்ஸும் எழுதும் படிக்கும். லினக்ஸ் ஆன் ஆகும்போதே அந்த டிரைவ் தானா மவுன்ட் ஆகணும்னு (அதாவது பயன்பாட்டுக்குத் திறக்கணும்னு), எந்த டிரைவ எங்க திறக்கணும்னு சொல்ற எஃப்எஸ்டேப் ஃபைல்ல, டிரைவோட தனி அடையாள எண்ணான யூயூஐடியோட ஒரு வரி சேர்த்து என் யூசர் நம்பர் 1000ம் குடுத்தேன், இல்லன்னா ஃபைல் எல்லாம் ரூட், அதாவது சிஸ்டம் அட்மின் பேர்ல போயிடும்.

அப்புறம் லினக்ஸ்ல ஃபயர்ஃபாக்ஸ முழுசா மூடிட்டு ப்ரொஃபைல் ஃபோல்டர அப்படியே டி டிரைவ்க்கு காப்பி பண்ணேன், ப்ரொஃபைல் திறந்திருக்குனு காட்டுற லாக் ஃபைல் ரெண்டையும் மட்டும் விட்டுட்டேன். விண்டோஸ் பக்கம் தனியா இருந்த புக்மார்க்க முன்னாடியே ஹெச்டிஎம்எல்லா எக்ஸ்போர்ட் பண்ணி இதுக்குள்ள இம்போர்ட் பண்ணிட்டேன். இத செய்யறவங்க கவனமா இருங்க, ஜேசன் பேக்கப்ப ரெஸ்டோர் பண்ணா ஏற்கனவே இருக்குற புக்மார்க் எல்லாம் போயிட்டு அது மட்டும்தான் வந்து உக்காரும், ஹெச்டிஎம்எல் இம்போர்ட்னா இருக்குறதோட சேரும்.

கடைசியா ரெண்டு பக்கமும் ஃபயர்ஃபாக்ஸ மைனஸ் பி (-P) போட்டு ஓபன் பண்ணா ப்ரொஃபைல் மேனேஜர் வரும், அதுல புது ப்ரொஃபைல்னு குடுத்து, எந்த ஃபோல்டர்னு கேக்குற இடத்துல டி டிரைவ் ஃபோல்டர காட்டிட்டேன், அதுல இருக்குறத அப்படியே எடுத்துக்கிச்சு. விண்டோஸ்ல திறந்து பாத்தா லினக்ஸ்ல விட்ட 23 டேபும் அப்படியே நிக்குது, பாஸ்வேர்டு கூட வந்திருக்கு.

பாஸ்வேர்டு எப்படி வந்துச்சுனு எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு, தேடிப் படிச்சேன். ஃபயர்ஃபாக்ஸ் பாஸ்வேர்ட லாகின்ஸ்.ஜேசன்ல வெச்சிருக்கு, அதத் திறக்குற சாவி கீ4.டிபிங்கிற ஃபைல்ல, ரெண்டும் ப்ரொஃபைல் ஃபோல்டருக்குள்ளயே இருக்கு. க்ரோம் அப்படி இல்ல, விண்டோஸ்ல விண்டோஸோட என்க்ரிப்ஷன வெச்சு பூட்டும், லினக்ஸ்ல அங்க இருக்குற கீரிங்ங்கிற சாவிப் பெட்டகத்த வெச்சு பூட்டும், ஒரு பக்கம் பூட்டுனது மறுபக்கம் திறக்காது. இந்த மாதிரி ஃபோல்டர தூக்கிட்டுப் போக ஃபயர்ஃபாக்ஸ்தான் தோது.

ஜூன் 3, திங்கள்

காலைல லினக்ஸ் ஆன் பண்ணா ஃபயர்ஃபாக்ஸ் திறக்கவே இல்ல. டி டிரைவ் படிக்க மட்டும்தான் வருது, எழுத விடல. ரெண்டு மூணு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணியும் அப்படியே. அவசரத்துக்கு ஃபோன்ல பாத்துக்கிட்டேன். சாயந்திரம் விண்டோஸ்ல வேலை முடிச்சு லினக்ஸ் வந்தா எல்லாம் சரியா இருக்கு.

ஜூன் 5, புதன்

பிடிச்சிட்டேன். ரெண்டு நாளா பாக்குறேன், பகல்ல விண்டோஸ்லேர்ந்து லினக்ஸ் வந்தா பிரச்சனை இல்ல, ராத்திரி விண்டோஸ ஆஃப் பண்ணிட்டு காலைல லினக்ஸ் போட்டா மட்டும்தான் டிரைவ் பூட்டிக்கிது. நேத்து தேர்தல் ரிசல்ட் பாக்க காலைலேர்ந்து ஃபயர்ஃபாக்ஸ் வேணும்னு இருந்துச்சு, அப்பவும் இதேதான், அதனால இன்னைக்கு விடக்கூடாதுனு உக்காந்துட்டேன்.

விஷயம் என்னன்னா, விண்டோஸ் 8லேர்ந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்னு ஒண்ணு இருக்கு. ஷட் டவுன் குடுத்தா முழுசா ஆஃப் ஆகாது, கெர்னல, அதாவது ஓஎஸ்ஸோட மையப் பகுதிய, அப்படியே டிஸ்க்ல எழுதி வெச்சிட்டு பாதி ஹைபர்னேட் (எல்லாத்தையும் டிஸ்க்ல சேமிச்சிட்டுத் தூங்குறது) மாதிரி படுக்கும், அடுத்த தடவ சீக்கிரம் எழுந்திரிக்கணும்னு. அப்போ டி டிரைவும் மூடப்படாமலே கெடக்கும், விண்டோஸ் இன்னும் அத தன் கைல வெச்சிருக்குற மாதிரிதான். லினக்ஸ் அதப் பாத்துட்டு, இதுல நான் எழுதுனா கெட்டுடும்னு படிக்க மட்டும் திறக்குது. அது செய்யறது சரிதான். ரீஸ்டார்ட் குடுத்தா மட்டும் விண்டோஸ் முழுசா மூடும், பகல்ல நான் ரீஸ்டார்ட்தான் குடுத்துட்டு இருந்தேன், அதனால அப்ப எல்லாம் ஒழுங்கா வந்துச்சு.

அட்மின் கமாண்ட் விண்டோல "பவர்சிஎஃப்ஜி, ஸ்லாஷ் ஹெச், ஆஃப்"னு ஒரே வரி. ஹைபர்னேட்டும் போச்சு, ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பும் போச்சு. ஆன் ஆக கொஞ்சம் கூட நேரம் ஆகுது, பரவால்ல.

ஹைபர்னேட் போனது ஒரு வகைல நல்லதுதான். விண்டோஸ்ல ஃபயர்ஃபாக்ஸ் திறந்தபடியே ஹைபர்னேட் பண்ணிட்டு, லினக்ஸ்ல யாராவது அந்த டிரைவ வலுக்கட்டாயமா எழுதுற மாதிரி மவுன்ட் பண்ணி அதே ப்ரொஃபைல திறந்தா ரெண்டு பேரு ஒரே நோட்டுல எழுதுன கதை ஆயிடும். புக்மார்க், ஹிஸ்டரி எல்லாம் ப்ளேசஸ்.எஸ்க்யூலைட்ங்கிற ஒரே டேட்டாபேஸ்ல இருக்கு, அது கெட்டா என் பதிமூணு வருஷமும் அதோட போகும். நெட்ல நெறைய பேர் "ஃபோர்ஸ் மவுன்ட் பண்ணுங்க"னு எழுதியிருக்காங்க, தயவு செஞ்சு பண்ணாதீங்க.

ஜூன் 8, சனி

சின்ன விஷயம்தான் ஆனா தெனமும் உறுத்துச்சு. டவுன்லோட் ஃபோல்டர் எதுங்கிறது ப்ரொஃபைல்லயே எழுதியிருக்கும், விண்டோஸ்ல டி டிரைவ் பாதைய வெச்சா லினக்ஸுக்கு அது புரியாது, லினக்ஸ் பாதைய வெச்சா விண்டோஸுக்குப் புரியாது. ப்ரொஃபைலுக்கு வெளியில, ஒவ்வொரு ஓஎஸ்லயும் தனியா பாலிசிஸ்.ஜேசன்னு ஒரு ஃபைல் வைக்கலாம்னு தெரிஞ்சுது. விண்டோஸ்ல ஃபயர்ஃபாக்ஸ் இன்ஸ்டால் ஆன இடத்துல டிஸ்ட்ரிப்யூஷன் ஃபோல்டருக்குள்ள, லினக்ஸ்ல ஈடிசி ஃபயர்ஃபாக்ஸ் பாலிசிஸ் ஃபோல்டருக்குள்ள. அதுல அங்கங்க உள்ள டவுன்லோட் பாதைய எழுதிட்டேன். கேஷ் ஃபோல்டரையும் அதே ஃபைல் வழியா டி டிரைவ்லேர்ந்து வெளிய தள்ளிட்டேன், தற்காலிக குப்பைய ரெண்டு பேரும் பகிர்ந்துக்கணும்னு ஒரு அவசியமும் இல்ல.

ஓஎஸ் மாத்துனதும் முதல் தடவ ஃபயர்ஃபாக்ஸ் கொஞ்சம் மெதுவா திறக்குது. கடைசியா எந்த வெர்ஷன், எந்த ஓஎஸ்ல ஓடுச்சுனு கம்பாட்டிபிலிட்டி.ஐஎன்ஐங்கிற ஃபைல்ல எழுதி வெச்சுக்குது, அது மாறியிருந்தா பழைய ஸ்டார்ட்டப் கேஷ அழிச்சிட்டு புதுசா கட்டுது. அவ்ளோதான், பயப்பட ஒண்ணுமில்ல.

ஜூன் 13, வியாழன்

அந்தக் கம்பாட்டிபிலிட்டி ஃபைலோட இன்னொரு வேலை இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. செவ்வாய்க்கிழமை ஃபயர்ஃபாக்ஸ் 127 வெளிவந்துச்சு, நேத்து விண்டோஸ்ல அப்டேட் ஆயிடுச்சு. லினக்ஸ்ல என்கிட்ட இன்னும் 126. திறந்தா "நீங்க பழைய வெர்ஷன ஓபன் பண்ணியிருக்கீங்க"னு ஒரு பெட்டி, புது ப்ரொஃபைல் உருவாக்கு இல்ல வெளிய போ, ரெண்டே வழி. நான் வெளிய வந்துட்டேன். 2019ல வந்த 67லேர்ந்து இந்தக் காவல் இருக்காம். புது வெர்ஷன் டேட்டாபேஸோட அமைப்ப மாத்தியிருந்தா பழசு அத தப்பா படிச்சு கெடுத்துடும்ங்கிறதுக்காக. இத மீறி திறக்க ஒரு ஆப்ஷன் இருக்கு, நான் தொடல, தொடவும் மாட்டேன்.

ஆனா ஒரு பக்கம் அப்டேட் வந்து மறுபக்கம் வர்ற வரைக்கும் இப்படி நிக்க முடியாதே.

ஜூன் 14, வெள்ளி

லினக்ஸ்லயும் மொசில்லா நேரா தர்ற டார் ஃபைல (எல்லாத்தையும் ஒண்ணா கட்டி வெச்ச ஃபைல்) இறக்கி என் ஹோம் ஃபோல்டர்லயே விரிச்சேன், அது விண்டோஸ்ல மாதிரியே தானா அப்டேட் ஆகும். திறந்தா ஒண்ணுமே இல்ல! ஒரு புக்மார்க் இல்ல, ஒரு டேப் இல்ல, புத்தம்புது ஃபயர்ஃபாக்ஸ். வயித்துல புளியக் கரைச்சுது. கை நடுங்கிட்டே டி டிரைவ் போயி பாத்தேன், ப்ளேசஸ் ஃபைல் அதே சைஸ்ல இருக்கு, அப்பதான் மூச்சே வந்துச்சு.

அதுவும் 67லதான் ஆரம்பிச்சிருக்கு. எந்த ஃபோல்டர்ல இன்ஸ்டால் ஆகியிருக்கோ அதுக்குனு தனி ப்ரொஃபைல் வெச்சுக்கும், நான் புது இடத்துல வெச்சதால இது வேற ஆளுனு நெனச்சு காலியா ஒண்ணு உருவாக்கியிருக்கு. மறுபடி மைனஸ் பி போட்டு பழசத் தேர்ந்தெடுத்தேன், எல்லாம் வந்துச்சு. இங்க ஒண்ணு முக்கியம், ப்ரொஃபைல் மேனேஜர்ல தேவையில்லாதத டிலீட் பண்ணும்போது "ஃபைல்களையும் அழிக்கவா"னு கேக்கும், பகிர்ந்து வெச்ச ஃபோல்டருக்கு அங்க ஆமான்னு சொன்னா ரெண்டு ஓஎஸ்லயும் சேர்த்துப் போயிடும்.

அந்தக் காலி ப்ரொஃபைல நான் அழிக்கல, அதுக்கு ஒரு வேலை கண்டுபிடிச்சேன். ஒரு பக்கம் அப்டேட் ஆயிடுச்சுன்னா, மறுபக்கம் முதல்ல இந்தக் காலி ப்ரொஃபைல்ல திறந்து, ஹெல்ப் மெனுல அபவுட் போயி அப்டேட் பண்ணிட்டு, அதுக்கப்புறம் டி டிரைவ் ப்ரொஃபைல திறக்கலாம். பழைய வெர்ஷன் பெட்டியே வராது. விண்டோஸ்லயும் இதே மாதிரி காலியா ஒண்ணு வெச்சிட்டேன்.

ஜூன் 20, வியாழன்

தம்பி ஃபோன் பண்ணான். நான் பண்றத எல்லாம் கேட்டுட்டு, "அக்கா, எதுக்கு இவ்ளோ கஷ்டம், சிங்க் ஆன் பண்ணா முடிஞ்சிரும்ல"னான். "முடியும்டா, ஆனா அதுவும் இதுவும் ஒண்ணு இல்ல"னேன். "என்ன வித்தியாசம் சொல்லு"னு விடல, அரை மணி நேரம் பேசினோம்.

சிங்க்னா புக்மார்க், பாஸ்வேர்டு எல்லாத்தையும் ஃபயர்ஃபாக்ஸ் சர்வர் வழியா ரெண்டு பக்கமும் ஒத்துப்போக வைக்கிற வசதி. நல்லதுதான், நம்ம கம்ப்யூட்டர்லயே பூட்டிட்டுதான் சர்வருக்கு அனுப்புது, மொசில்லாவாலயே படிக்க முடியாது. ஆனா அதுல ரெண்டு ப்ரொஃபைல் இருக்கும், ரெண்டையும் ஒண்ணு மாதிரி வெச்சுக்கப் பாக்கும். லாகின் ஞாபகம் வெச்சுக்குற குக்கீ வராது, அதனால ஒவ்வொரு தளத்துலயும் ரெண்டு பக்கமும் தனித்தனியா லாகின் பண்ணணும். டேப் வரும், ஆனா மறுபக்கத்துல என்ன திறந்திருக்குனு ஒரு லிஸ்ட்டா வரும், விட்ட இடத்துலேர்ந்து அப்படியே நிக்காது. நெட் இல்லன்னா எதுவும் வராது, எங்க தெருவுல வாரத்துக்கு ரெண்டு நாள் நெட் போயிடுது. எனக்கு வேணும்னது ஒரே மேஜை, எழுந்து போயி திரும்பி வந்து உக்காந்தா வெச்சது வெச்ச எடத்துல இருக்கணும்.

அவன் சொன்னதுலயும் ஒண்ணு உண்மை, ஒத்துக்கிட்டேன். "ஒரே காப்பின்னா கெட்டா ரெண்டு பக்கமும் சேர்ந்து கெடும்லக்கா." ஆமா. கெடும்.

ஜூன் 29, சனி

அவன் கேட்டது ஒரு வாரமா மனசுல இருந்துச்சு. இன்னைக்கு ரெண்டு வேலை.

ஒண்ணு, பேக்கப். ப்ரொஃபைல்ல புக்மார்க்பேக்கப்ஸ்னு ஒரு ஃபோல்டர் இருக்கு, ஃபயர்ஃபாக்ஸ் தானாவே புக்மார்க்க மட்டும் அதுல எடுத்து வெச்சுக்கிட்டே இருக்கும், 15 வரைக்கும் வைக்கும். ப்ளேசஸ் ஃபைல் கெட்டா இதுலேர்ந்துதான் மீட்கும். ஆனா அதுவும் அதே டி டிரைவ்லதான இருக்கு, டிரைவ் போனா இதுவும் போகும். அதனால லினக்ஸ்ல ஆர்சிங்க்ங்கிற காப்பி எடுக்குற கருவிய வெச்சு வாரம் ஒரு தடவ முழு ப்ரொஃபைலையும் ஒரு பழைய பென்டிரைவ்க்கு எடுக்குறேன். எடுக்கும்போது ஃபயர்ஃபாக்ஸ் மூடியிருக்கணும், இல்லன்னா டேட்டாபேஸ் பாதி எழுதுன நிலையில காப்பி ஆகும்.

ரெண்டு, பாஸ்வேர்டு. சாவியும் பூட்டும் ஒரே ஃபோல்டர்ல இருக்குறது எனக்கு எவ்ளோ வசதியோ, அந்த டிரைவ் கைக்குக் கிடைக்கிற யாருக்கும் அதே வசதிதான். பிரைமரி பாஸ்வேர்டு போட்டுட்டேன், அது இல்லாம இனி அந்தச் சாவி திறக்காது. கடைக்காரங்க ஜிஎஸ்டி லாகின் எல்லாம் என்கிட்ட இருக்கு, அடுத்தவங்க நம்பிக் குடுத்தது. இத ஜூன் 1ஆம் தேதியே செஞ்சிருக்கணும்.

ஜூலை 10, புதன்

நேத்து 128 வந்துச்சு. விண்டோஸ்ல காலைலயே அப்டேட் ஆயிடுச்சு. சாயந்திரம் லினக்ஸ்ல காலி ப்ரொஃபைல்ல திறந்து, அபவுட், அப்டேட், மூடிட்டு, டி டிரைவ் ப்ரொஃபைல திறந்தேன். நாலு நிமிஷம் கூட ஆகல.

மத்தியானம் விண்டோஸ்ல ஒரு கணக்கு பிரிண்ட் ஆகிட்டு இருக்கும்போது உத்திரமேரூர் குடவோலைக் கல்வெட்டோட வாசகம் ஸ்கேன் பண்ண பக்கம் ஒண்ணு கிடைச்சு டேக் போட்டு வெச்சிருந்தேன். இப்ப லினக்ஸ்ல அட்ரஸ் பார்ல, டேக்ல மட்டும் தேடுறதுக்கு ஒரு கூட்டல் குறி போட்டு "சபை"னு அடிச்சேன். மானூரும் உத்திரமேரூரும் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா வந்து நிக்குது. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல திறந்து வெச்சிருக்கேன். மே மாசம் எழுத ஆரம்பிச்சு விட்டத இன்னைக்கு ராத்திரி எழுதப் போறேன்.