சுபேதார் மாமாவின் ஹெரால்டு: ஒன்பதாவது வாரம்

முதல் எட்டு வாரம் தரைத் தகடு, வயரிங், பிரேக் என்று ஓடியது. அதில் சொல்ல ஒன்றுமில்லை. துரு இருந்தது, வெட்டினோம், வெல்டிங் வைத்தோம். இந்த வாரம்தான் முன் சக்கரங்களைக் கழற்றினேன்.

வண்டி 1964 ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இரண்டு கதவு, 948 சிசி. வண்டலூர்ப் பக்கம் தொழிற்சாலை இருந்த காலத்தில் செய்தது. என்னுடையது இல்லை, எதிர்வீட்டு சுபேதார் மாமாவுடையது. ராணுவத்தில் இ.எம்.இ. பிரிவில் இருபத்தெட்டு வருஷம் லாரியும் ஜீப்பும் பழுது பார்த்தவர். ஓய்வுபெற்று வந்த பிறகு பழைய கார்களை வாங்கிச் சரிசெய்வதே வேலையாகிவிட்டது. ஒரு மோரிஸ் மைனர், இரண்டு ஃபியட் 1100, ஒரு வில்லிஸ் ஜீப், கடைசியாக இது. போன சித்திரையில் போய்விட்டார், 84 வயது. அத்தை சாவியைக் கையில் கொடுத்து, "ஷெட்டை அடைச்சுக்கிட்டு நிக்குது. ஒண்ணு ஓட்டு, இல்ல எடைக்குப் போடு" என்றார்.

ஹெரால்டில் வேலை செய்வது ஒரு சுகம். பானட்டைத் தூக்கினால் மட்கார்டு, லைட் எல்லாம் சேர்ந்து ஒட்டுமொத்தமாக முன்பக்கம் சாய்ந்துவிடும். முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே பிளக்கைக் கழற்றலாம். மாமா அப்படித்தான் உட்கார்ந்திருப்பார், மடியில் ஒரு பழைய தலையணை உறை, அதன்மேல் கழற்றிய வரிசையிலேயே நட்டும் வாஷரும். யாராவது குனிந்து ஒன்றை எடுத்தால் போச்சு. "தம்பி, வெச்ச இடத்துல வை" என்பார், தலையைத் தூக்காமலே.

13 மி.மீ. ஸ்பேனரை இந்த வண்டி பக்கம் கொண்டுவரக் கூடாது என்பது இன்னொரு சட்டம். இதன் நட்டுகள் அங்குல அளவு, அரை அங்குலம் என்றால் 12.7 மி.மீ. பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும், பலமாக ஒரு இழு இழுத்தால் நட்டின் மூலை உருண்டுவிடும். எனக்கு ஏற்கெனவே இரண்டு உருண்டிருக்கின்றன. அவர் இருந்தபோது உருட்டியதுதான், பொய் சொல்லித் தப்பித்தேன்.

சரி, சக்கரத்துக்கு வருகிறேன். இந்த வண்டியில் முன் சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் தூணின் அடியில் மரை வெட்டியிருக்கும். அது ட்ரன்னியன் என்கிற வெண்கலக் கட்டைக்குள் திருகி உட்கார்ந்திருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் சக்கரம் அந்த மரையில்தான் திரும்புகிறது. அதற்கு தொண்ணூறு நம்பர் கியர் ஆயில்தான் விட வேண்டும். பார்த்தால் கிரீஸ் அடிக்கிற இடம் மாதிரியே இருக்கும், அதனால் பட்டறைகளில் கிரீஸை ஏற்றிவிடுவார்கள். கிரீஸ் நாளாக நாளாக இறுகும், அடி மரை வரை போகாது, உள்ளே புகுந்த தண்ணீர் அங்கேயே நின்று இரும்பைத் தின்னும். ஒரு நாள் தெருமுனையில் மெதுவாகத் திருப்பும்போது தூண் ஒடிந்து சக்கரம் படுத்துவிடும். மாமா இதை எனக்கு நூறு முறையாவது சொல்லியிருப்பார். "கிரீஸு கதவு கீலுக்குப் போடு."

இடது பக்கத்தை முதலில் பிரித்தேன். மரை பளபளவென்று ஆயிலில் நனைந்திருந்தது, புது சீல் போட்டிருந்தது. சந்தோஷமாக வலது பக்கத்துக்குப் போனேன். அங்கே பழைய புளி மாதிரி கறுத்து இறுகிய கிரீஸ், அடியில் செம்மண் நிறத்தில் துரு. யாரோ எப்போதோ அடித்தது. கையில் துணியோடு கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். மாமா இடது பக்கத்தோடு நின்றிருக்கிறார்.

அவருடைய பிஸ்கட் டப்பாவில் தேடினேன். தினத்தந்தித் தாளில் சுற்றி ஒரு புது ட்ரன்னியன், மேலே பென்சிலில் "வ". புதுப்பேட்டையில் அலைந்து வாங்கியிருப்பார். இடதையும் வலதையும் மாற்றிப் போட முடியாது. இடப்பக்கம் இடம்புரி மரை, வலப்பக்கம் வலம்புரி. இது தெரிந்தும், இடது பக்கம் கழற்றிய கைப்பழக்கத்தில் வலதையும் அதே பக்கம் திருகி இறுக்கி, அரை மணி நேரம் "ஏன் வரமாட்டேங்குது" என்று திட்டிக்கொண்டிருந்தேன்.

தூணை டீசலில் ஒரு நாள் ஊறவைத்து, கம்பி பிரஷ் போட்டு, லேத் பட்டறையில் காட்டினேன். துரு மேலோடுதான், மரை தப்பித்தது. புதுக் கட்டையை முழுக்கத் திருகி, ஸ்டியரிங் இரண்டு பக்கமும் முழுசாகத் திரும்ப இடம் விட்டு ஒரு சுற்றுப் பின்வாங்கி மாட்டினேன். ஆயில் விட அவருடைய கிரீஸ் கன்னையே எடுத்தேன். அதன் உடம்பில் வெள்ளைப் பெயின்டில் 90 என்று எழுதி, ஒழுகாமலிருக்க வாயில் துணி சுற்றியிருந்தார். துணி சுற்றியும் ஒழுகத்தான் செய்தது.

நேற்று சாயங்காலம் எஞ்சினையும் ஒரு கை பார்த்துவிடலாம் என்று தோன்றியது. பிளக்குக்குத் தீப்பொறி கொடுக்கும் பிளாட்டினம் பாயின்டின் இடைவெளியை 15 தௌக்கு, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்குக்கு வைத்தேன். சாவியைத் தொடுவதற்கு முன் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தேன், அதுவும் அவர் பழக்கம். லடாக்கில் ராத்திரி ஆனால் லாரிகளின் ரேடியேட்டர் தண்ணீரை வடித்துவிட வேண்டுமாம், விட்டால் உறைந்து எஞ்சின் பிளாக்கே பிளந்துவிடும். காலையில் ஊற்ற மறந்தாலும் எஞ்சின் காலி. சண்டையைப் பற்றிக் கேட்டால் இந்த மாதிரி லாரிக் கதைதான் வரும். சென்னை வெயிலிலும் அவருக்கு முதல் வேலை அந்த மூடிதான்.

பெட்ரோல் பம்பின் அடியில் இருக்கும் சின்ன நெம்பியைக் கையால் இருபது முறை அடித்து கார்புரேட்டரை நிரப்பினேன். குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோலைக் கூடுதலாக விடும் சோக்கை இழுத்துவிட்டு சாவியைத் திருப்பினேன். இருமியது, நின்றது. மறுபடி. மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது. ஷெட் முழுக்கப் புகை, தகரக் கூரை அதிர்ந்தது. நான் பானட்டுக்குள் தலையை விட்டு ஆயில் எங்கே ஒழுகுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாடி ஜன்னலிலிருந்து அத்தை குரல் கொடுத்தார்.

"சோக்கை உள்ள தள்ளுடா. சூடாயிடுச்சு, சத்தம் கேக்கல?"