தலையைத் தூக்கச் சொல்லுங்கள்

உதகையைச் சுற்றியுள்ள கேரட், உருளைக்கிழங்குத் தோட்டங்களிலிருந்து பூச்சிமருந்து விஷம் ஏறி வருபவர்களை எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவு நன்றாக அறியும். புதிதாகச் சேரும் செவிலியருக்கு நான் எடுக்கும் முதல் பாடமும் அதுதான். ஒரே ஒரு நொதி முடங்கினால் உடம்பு முழுவதும் என்ன ஆகும் என்பதை ஆர்கனோபாஸ்பரஸ் என்ற பூச்சிமருந்து வகை அளவுக்குத் தெளிவாகக் காட்டும் பாடம் வேறில்லை.

நரம்பின் செய்தியைக் கடத்தும் அசிட்டைல்கோலினை உடைக்கும் நொதி முடங்கியதும், அசிட்டைல்கோலின் நரம்பு முனைகளில் தேங்குகிறது. எச்சில் வழிகிறது, கண்மணி ஊசிமுனையாகிறது, நாடி தளர்கிறது, மூச்சுக்குழாயில் நீர் பெருகுகிறது. இதற்கு மாற்றுமருந்து அட்ரோபின். கண்மணி விரிந்துவிட்டதா என்று பார்ப்பதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வையுங்கள் என்பேன். நுரையீரலில் நீர்ச்சத்தம் அடங்கியதா, அதைச் சொல்லுங்கள். உயிரைப் பறிக்கவிருந்தது அந்த நீர்தானே!

ஆனால் அசிட்டைல்கோலின் வந்து ஒட்டும் ஏற்பிகளில், சுரப்பிகளிலும் இதயத்திலும் மூச்சுக்குழாயிலும் உள்ள மஸ்கரினிக் ஏற்பிகளை மட்டுமே அட்ரோபின் அடைக்கும். கைகால் தசைகளிலும் மூச்சுத் தசைகளிலும் இருப்பவை நிக்கோடினிக் ஏற்பிகள்; அவற்றிடம் அதன் வேலை செல்லாது. அதனால்தான் ஒன்றிலிருந்து நான்கு நாட்களுக்குள், வீட்டார் பெருமூச்சு விட்டுக் கஞ்சி கொண்டுவரும் வேளையில், கழுத்து தளர்கிறது. பின்னாலேயே மூச்சும் தளர்கிறது. ஆக்சிஜன் போய்க்கொண்டிருப்பதால் மானிட்டரில் ரத்த ஆக்சிஜன் அளவு (சாச்சுரேஷன்) 96 சதவீதம் என்று அப்படியே நிற்கும். உள்ளே கரியமில வாயு ஏறிக்கொண்டிருக்கும். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த ஊரில் நல்ல உடம்புக்காரருக்கே 94, 95 காட்டுவது உண்டு. அதனால் 96 என்ற எண் இங்கே தரும் நிம்மதி இன்னும் ஆபத்தானது.

ஆகவே ஒவ்வொரு ஷிப்டிலும் நோயாளியிடம் கேட்கச் சொல்கிறேன்: "அண்ணா, தலையணையை விட்டுத் தலையைத் தூக்குங்கள்." தூக்கிச் சில நொடி நிறுத்த முடிகிறதா? ஒரே மூச்சில் எதுவரை எண்ணுகிறார்? மருத்துவர் எழுதும் உத்தரவுத் தாளில் இந்த வரி பெரும்பாலும் இருக்காது. காரணம் தெரிந்த செவிலியருக்கு அது தேவையும் இல்லை.

சென்ற மழைக்காலத்தில் ஓர் இரவு, வேலைக்குப் புதிதான பெண் ஒருத்தி பணி மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தாள். பக்கத்தில் நின்று கேட்டேன். "சார், நெஞ்சில் சத்தம் இல்லை, அட்ரோபின் போதுமானதாக இருக்கிறது. சாச்சுரேஷன் 96. ஆனால் மாலையில் தலையைத் தூக்கியவர் இப்போது தூக்கவில்லை, எட்டுக்கு மேல் எண்ணவும் முடியவில்லை. மூச்சுக்குழாயில் குழாய் போடத் தயார் செய்கிறேன், வாருங்கள்." மருத்துவர் வந்து சேர்வதற்குள் வென்டிலேட்டரைச் சோதித்து வைத்திருந்தாள்.