டைட்டில் கார்டு பார்த்து பழைய ஸ்டூடியோ மேப் போடுறேன் – மூணாவது மாசம்

போன தடவை எழுதுனப்ப 22 படத்தோட நின்னுச்சு, இப்ப 61. வேலை சிம்பிள்தான், பழைய படத்தை ஓடவிட்டு ஸ்டூடியோ பேர் வர்ற கார்டுல நிறுத்தி, அதை ஷீட்ல ஏத்தி, ஸ்டூடியோ இருந்த இடத்தை மேப்ல குத்தணும், அதுலயே சொதப்பிட்டேன். முதல் 22ல பாதிக்கு மேல லேப் பேரை ஸ்டூடியோன்னு நினைச்சு ஏத்தியிருக்கேன். ஷூட்டிங் ஒரு இடம், ஃபிலிம் கழுவுறது இன்னொரு இடம், அவசரத்துல பார்த்தா ரெண்டும் ஒண்ணா தெரியுது. ஒரு வாரம் போச்சு. சில யூடியூப் அப்லோடுல டைட்டிலையே வெட்டிட்டு நேரா முதல் சீன்ல ஆரம்பிக்குறாங்க, பத்திக்கிட்டு வருது.

அடுத்த தப்பு ஏவிஎம். ஏவிஎம்னாலே வடபழனிதானேன்னு எல்லாத்தையும் அங்கயே குத்திட்டேன், ஆனா 'நாம் இருவர்' (1947) எடுத்தப்போ ஏவிஎம் முதலாளி மெய்யப்ப செட்டியார் ஸ்டூடியோ வச்சிருந்தது காரைக்குடியில, மெட்ராஸுக்கு அப்புறம்தான் வந்தாங்க. அதுலருந்து ஷீட்ல வருஷத்துக்குன்னு தனி காலம் (column).

வடபழனிக்கு அம்மாவையும் கூட்டிட்டு போனேன். பி.என்.ரெட்டி ஆரம்பிச்ச வாகினி, பின்னாடி நாகிரெட்டி கைக்கு வந்து விஜயா வாகினி ஆகி, ஆசியாவிலேயே பெரிய ஸ்டூடியோன்னு பேர் வாங்குன இடம், இப்ப ஆஸ்பத்திரியும் மாலும். ஃபுட் கோர்ட்ல உக்காந்து 'மாயாபஜார்' (1957) இங்கதாம்மா எடுத்தாங்கன்னு சொன்னேன், "ரங்காராவ் அத்தனை லட்டையும் முழுங்குனது இங்கயாடா?"ன்னு கேட்டுட்டு, தன் தட்டுல இருந்த ஒத்த இட்லியைப் பார்த்தாங்க.

அடையாறு சத்யா ஸ்டூடியோ இப்ப எம்ஜிஆர்-ஜானகி மகளிர் காலேஜ், வெளிய நின்னு பார்த்துட்டு வந்தாச்சு. ஜெமினி இடத்துல பெரிய ஹோட்டல். ஆனா ஜெமினிக்கு யோகம், 1973ல திறந்த பாலத்துக்கு அண்ணா மேம்பாலம்னு பேர் வச்சும் ஜனங்க இன்னும் ஜெமினி ஃப்ளைஓவர்ங்கிறாங்க, வாசனோட ஸ்டூடியோ போயும் பேர் போகல.

மனசுல நின்னது சேலம்தான். ஏற்காடு ரோட்டுல மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு மட்டும் நிக்குது. முதல் மலையாள பேசும்படம் 'பாலன்' (1938), தமிழ்ல முதல் முழுநீள கலர் படம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956), ரெண்டும் டி.ஆர்.சுந்தரம் ஆரம்பிச்ச இந்த ஸ்டூடியோ எடுத்தது, மொத்தம் நூறு படத்துக்கு மேல. சம்பளம், கால்ஷீட், டைம் எல்லாத்துலயும் ராணுவ ஒழுங்குன்னு அவரைப் பத்தி கதை கதையா சொல்வாங்க. நான் போட்டோ எடுக்க பஸ்ஸும் லாரியும் விட்டாத்தானே, டீக்கடைக்காரர் பார்த்துட்டு "காலைல ஆறு மணிக்கு வாங்க தம்பி, வெயிலும் நேரா விழும்"னாரு. ஒரு ராத்திரி தங்கி எடுத்தேன், அவர் சொன்னது கரெக்ட்.

அடுத்து கோவை. அங்க இருந்த பட்சிராஜா ஸ்டூடியோவுக்கு 'மலைக்கள்ளன்' (1954) கார்டு கையில இருக்கு, மேப்ல இன்னும் புள்ளி வைக்கல, நேர்ல பார்க்காம வைக்கிறதா இல்ல.